உனக்கென்று எடுத்து வைத்த மீன் குழம்பு

மூஞ்சிக்கல்,
கொடைக்கானல்.
வியாழக்கிழமை, மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் மஹ்ஜபினுக்கு உன் அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீ அங்கே சுகமாக இருக்கிறாயா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை. நீ சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்க எனக்குக் கை வரவில்லை, அதனால் முறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சஜ்ஜாத் கையில் நான் கொடுத்துவிட்ட பொட்டலத்தில் இருக்கும் மாசிக் கருவாட்டைச் சாப்பிடாதே. நெத்திலிக் கருவாட்டையும் சாப்பிடாதே. பொரித்தும் வேண்டாம், சம்பல் இடித்தும் வேண்டாம், ருசிக்கு நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். இந்தக் கடிதத்தில் மற்றது எதையும் நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த நாலு வரியைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி, அந்தப் பொட்டலம் மட்டும் உன் வயிற்றுக்குள் போகக் கூடாது.

அம்மா போனில் இதைச் சொன்னபோது நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய். நாலு வருசம் கழிச்சு ஒண்ணு குடுத்தாங்க, அதையும் பிடுங்கிக்கிறாங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாயாம். அதோடு சரி, பதினோரு நாளாக அம்மா போனையும் எடுப்பதில்லை. என் போனை நீ எடுக்காதது நாலு வருஷப் பழக்கம், அதில் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் அவள் என்ன செய்தாள், செல்லைத் தொழுகைப் பாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுத்தில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பஸ் ஸ்டாண்டு செருப்புக் கடைக்காரர் மகன் சஜ்ஜாத்தைக் கெஞ்சினேன், அவன் லண்டனிலிருந்து, மாமா நானும் அடிச்சுப் பார்த்துட்டேன், ரிங் போவுது எடுக்க மாட்டேங்குது, லீவு கெடச்சதும் லீட்ஸுக்கு நேர்ல போறேன் என்கிறான். அவனுக்கு லீவு கிடைப்பதற்குள் நோன்பு பிறந்துவிடும். இன்னும் பதினாலு நாள்தான் இருக்கிறது. முதல் நோன்பு அன்னைக்கு விடியுறதுக்கு முன்னாடி சஹருக்கு அத்தா குடுத்த மாசியில சம்பல் இடிச்சுத்தான் சாப்பிடுவேன், அது வரைக்கும் பிரிக்க மாட்டேன் என்று நீ முன்னொரு நாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்ட அன்று கருவாட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று ஒருபாடு அழுதேன், மகள் மனசு இறங்கிவிட்டாள் என்று. இப்போது அதே வார்த்தையை நினைத்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். கூரியர்க்காரன் ஆறு நாளில் போய்விடும் என்கிறான், அவன் வாயில் சர்க்கரை போட வேண்டும், ஏழானாலும் எட்டானாலும் நோன்புக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட்டால் போதும்.

நான் ஏன் இப்படித் துடிக்கிறேன் என்று உனக்குப் புரிய வேண்டும் என்றால் பொங்கல் லீவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் பனி கடுமை, ஏரி ஓரத்துப் புல்லெல்லாம் காலையில் வெள்ளையாகக் கிடக்கிறது, காட்டெருமை ஒன்று நம் கடை வாசல் வரை வந்து சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனது. பனியைப் பார்க்கவே சனங்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். சனிக்கிழமை பெருமாள்மலையிலிருந்து கீழே வரைக்கும் கார் நின்றது, வெள்ளனே வந்து சேர வேண்டிய மீன் வண்டி ஏழு மணி நேரம் அதற்குள் மாட்டிக்கொண்டது. வந்து இறக்கும்போது பெட்டியில் ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீர். சூரை மீன், நாலு பெட்டி. செவுளைத் திறந்து பார்த்தேன், சிவப்பாக இருந்தது, கண் பளபளப்பு, நாற்றம் துளியும் இல்லை. முப்பத்தோரு வருஷம் மீனைத் தொட்ட கை இது. டிரைவர் கூட, பாய் கொஞ்சம் பாத்துக்கங்க, ஐஸு போயிருச்சு என்றான். அதற்கு நான் சொன்ன பதில் உனக்கே தெரியும், பிறந்த நாளிலிருந்து என் வாயால் நீ கேட்டு வளர்ந்ததுதான். இந்தக் குளுருல எதுடா கெடும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கூக்கால், கிளாவரை என்று தூரத்து மலைச் சனமெல்லாம் வந்து கருவாடு வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள், சூரையை வாங்கியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான், அந்த மட்டும் ஆண்டவன் காப்பாற்றினான். மிச்சத்தில் அம்மா குழம்பு வைத்தாள். மதியம் நானும் ரெண்டு துண்டு போட்டுச் சாப்பிட்டேன், நாக்கில் மிளகைக் கடித்ததுபோல் சுருக்கென்று இருந்தது, சர்புன்னிசா காரத்தை அள்ளிப் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் ஆகவில்லை, முகம் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாற்போல் எரிய ஆரம்பித்தது. காது மடல் கொதிக்கிறது, கழுத்தெல்லாம் அரிப்பு, நெஞ்சு ஓடி வந்தவனுக்கு அடிப்பது மாதிரி அடிக்கிறது, தலை ரெண்டாகப் பிளக்கிறது, வயிறு பிசைகிறது. செத்துவிடுவேன் என்ற பயம் வந்துவிட்டது மகளே, எனக்கு, ஊரையே அதட்டும் எனக்கு. முகத்தைக் கழுவலாம் என்று போய்க் கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியும் கன்னமும் செக்கச்செவேல் என்று திட்டுத்திட்டாக, கண் நீர் கோத்து, உதடு கொஞ்சம் தடித்து, அங்கே நீ நின்றுகொண்டிருந்தாய். உன் முகம். அந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நீ நின்ற அதே முகம். பின்னால் நின்ற அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள், என்னங்க, நம்ம புள்ளைக்கு வர்ற மாதிரியே வந்திருக்கே என்றாள். எனக்கு அதற்கு மேல் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை, ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே பெஞ்சில் பேத்துப்பாறை சின்னத்தாயி உட்கார்ந்திருக்கிறாள், புருஷனும் மருமகளும் பக்கத்தில், மூன்று பேருக்கும் என் முகம். காட்டு வேலைக்குப் போய்க் கஷ்டப்பட்டுப் பண்டிகைக்கு மீன் வாங்கித் தின்ற சனம். என்னைப் பார்த்துத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன், அவளோ, பாய், மீனு நல்லாத்தான கெடந்துச்சு, நாத்தமே இல்லியே, உங்களுக்குமா என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாள். எல்லோருக்கும் ஊசி போட்டு மாத்திரை கொடுத்து, பொழுது சாய்வதற்குள் சிவப்பு இறங்கிவிட்டது, ஒருவருக்கும் ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ். அங்கே டாக்டர் தேவசேனா என்று ஒரு பெண், உன்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும், பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னது. இது அலர்ஜி மாதிரியே தெரியும் பாய், ஆனா அலர்ஜி இல்ல, மீன்ல ஹிஸ்டமின் ஏறியிருக்கு என்றது. சூரை, அயிலை மாதிரி மீன்களின் சதையில் ஒரு சத்து இருக்கிறதாம், பிடித்ததிலிருந்து ஐஸில் அடங்கிக் கிடக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்தச் சத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடுமாம். அது நாறாதாம், நிறம் மாறாதாம். ஒரு தடவை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, பிறகு உறைய வைத்தாலும் போகாது, காய வைத்தாலும் உள்ளேயே இருக்கும். அப்போ நம்ம ஊர்க் குளிர் என்று இழுத்தேன். டாக்டர் சிரித்தது. உங்களுக்குக் குளுருது பாய், கிருமிக்கு இது சொகமான கிளைமேட்டு என்றது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்து உன்னைப் பற்றிக் கேட்டேன். நாறின மீன், ஐஸ் போன மீன் என்று இல்லை டாக்டரம்மா, நல்ல மீனைத் தின்றாலே என் மகளுக்கு இப்படித்தான் வரும், தினம் வராது, சில நாள் வரும், சில நாள் வராது, அதனால் நாங்கள் நம்பவில்லை என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டது. மீன் குழம்பு ஆக்கின அன்றைக்கே சாப்பிடுவீர்களா, மறுநாளா? கருவாடு வாரத்தில் எத்தனை நாள்? தக்காளி, கத்தரிக்காய், ஊறுகாய், புளித்த தயிர்? தலைவலி உண்டா, மூக்கு ஒழுகுமா, மாதவிலக்கு நாட்களில் அதிகமாகுமா? நான் உண்டு உண்டு என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன், கடைசிக் கேள்விக்கு அம்மா பதில் சொன்னாள். ஹிஸ்டமின் என்பது ஏதோ விஷம் என்று நீ பயந்துவிடாதே, நம் உடம்பே அதை உண்டாக்கி வைத்திருக்கிறதாம், கொசு கடித்தால் தடிப்பதும் தூசிக்குத் தும்முவதும் அதன் சோலிதானாம். சாப்பாட்டில் வருவதை உடைத்துப் போடுவதற்குக் குடலில் ஒரு சுரப்பு இருக்கிறது, சிலருக்கு அது குறைவு, அப்போது உடையாமல் ரத்தத்தில் ஏறி நரம்பையும் ரத்தக்குழாயையும் போய்த் தட்டுகிறது, தோல் சிவக்கிறது, தலை வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிறு கெடுகிறது. நம் கடைக்கு முன்னால் ஓடும் சாக்கடையை நினைத்துக்கொண்டேன். எல்லாக் கடை முன்னாலும் அதே மழைதான் பெய்கிறது, நம் வாசலில் மட்டும் வாய் குறுகல், சாரலைத் தாங்கும், நாலு மழை சேர்ந்து வந்தால் பொங்கி உள்ளே வந்துவிடும். உனக்கும் அப்படித்தான், ஒரு நாள் மீன் மட்டும் என்றால் தாங்கியிருப்பாய், அதோடு தக்காளியும் ஊறுகாயும் முந்தாநாள் கருவாடும் சேர்ந்த நாளில் பொங்கியிருக்கிறது. நேத்து இதே மீனத் தின்னாளே, இன்னைக்கு மட்டும் என்ன கேடு என்று நான் கேட்பேனே, அதற்குப் பதில் இதுதான்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், நீ அறிந்ததுதான், ஆனாலும் என் கையால் எழுத வேண்டும். மீன் குழம்பு வைத்த அன்றைக்குச் சுமார், மறுநாள்தான் ருசி, இது நம் வீட்டில் எழுதாத சட்டம். அதனால் அன்றைக்கு எல்லோரும் சாப்பிடுவோம், மறுநாளுக்கென்று நடுத்துண்டாகப் பார்த்து ஒரு சின்னச் சட்டியில் எடுத்து மூடி ஜன்னல் ஓரம் வைப்பேன். யாருக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள், மஹ்ஜபினுக்கு. அம்மா தொட்டால் கூடக் கையைத் தட்டிவிடுவேன். நன்றாகப் புளியும் காரமும் இழுத்துப்போய் இரண்டாம் நாள் மூன்றாம் நாள் ஆனதை, பாத்தியா எப்படி இறங்கியிருக்கு என்று பெருமையாக உன் தட்டில் ஊற்றுவேன். அம்மா பிரிட்ஜ் வாங்கச் சொல்லி எத்தனை வருஷம் நச்சரித்தாள், ஊரே பிரிட்ஜுக்குள்ள கெடக்கு, உள்ள ஒரு பிரிட்ஜு எதுக்கு என்று கேலி பேசியே காலத்தைக் கடத்தினேன். உனக்கு முகம் சிவந்து அரித்தால், உடம்பு சூடு என்போம். சூடு என்று ஒரு வார்த்தை இருந்தது, அதற்கு மேல் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. சூட்டுக்கு மருந்து என்ன, நன்றாகப் புளித்த மோர், நேற்றைய சோற்று நீராகாரம், அதை அம்மா சொம்பு நிறைய ஊற்றிக் கொடுப்பாள், நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பாய், மறுபடி சிவந்துவிடுவாய். புளிக்க வைத்தது, நாள்பட்டது, காய வைத்தது, இந்த மூன்றும்தான் உனக்கு ஆகாது என்று டாக்டர் சொல்கிறது. எங்கள் பாசமெல்லாம் அந்த மூன்றில்தான் இருந்தது. சர்புன்னிசா இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மோர்ச் சொம்பைக் கொல்லையில் வீசி எறிந்துவிட்டாள், அது என்ன செய்யும் பாவம், அதை மறுபடி எடுத்து வந்து கழுவி வைத்தேன்.

இந்த நாலு வருஷத்தில் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாம் பேசியதே இல்லை. மதுரையில் ஹாஸ்டலில் இருந்தவரை உனக்கு ஒன்றும் வரவில்லை, லீவுக்கு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சிவந்துவிடுவாய். உனக்கு இது நோய் இல்லை என்பதற்கு அதையே நான் சாட்சியாக வைத்திருந்தேன். ஹாஸ்டலில் கருவாடு கிடையாது, காலையில் ஆக்கியது மதியமே தீர்ந்துவிடும், மீதியென்று ஒன்று இருக்காது, இவ்வளவுதான் விஷயம், என் மரமண்டைக்கு ஏறவில்லை. படித்த பிள்ளைக்குக் கருவாட்டுக் கடை நாறுகிறது, அப்பன் தொழிலை வெளியே சொல்ல வெட்கம், அதனால் இந்த வீட்டுச் சோறு இறங்கவில்லை என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். பழனியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று காலையிலும், பசியோடு நிற்காதே என்று முதல் நாள் குழம்பை உனக்கு ஊற்றிச் சாப்பிட வைத்தது நான்தான். அவர்கள் முன்னால் நீ முகம் சிவந்து கழுத்தைச் சொறிந்து, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாய். மாப்பிள்ளையின் அம்மா, புள்ளைக்கு ஏதும் வியாதியா என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன். வியாதியும் இல்ல மண்ணும் இல்ல, நடிக்கிறா, கருவாட்டுக்காரன் மகளுக்கு இப்பக் கருவாடு நாறுது என்றேன். உள்ளே இருந்து நீ அதைக் கேட்டுவிட்டாய். சம்பந்தம் போனது போகட்டும், போனதே நல்லதுக்கு, ஆனால் அந்த வார்த்தை உன்னோடு விமானம் ஏறி லீட்ஸ் வரைக்கும் வந்துவிட்டதே. அங்கேயும் டாக்டர்கள் மனப்பதற்றம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றும், எம் மனசுதாம்மா கெட்டுக் கெடக்கு, அத்தா அன்னைக்கே சரியாத்தான் சொன்னாங்க என்று நீ சொன்னதாகவும் அம்மா சொன்னாள். நான் சரியாகச் சொல்லவில்லை மகளே. நான் சொன்னது பச்சைப் பொய், தெரியாமல் சொன்னாலும் பொய் பொய்தான். நீ ஒரு நாளும் நடிக்கவில்லை. என் உடம்பில் அரை நாள் அது வந்தபோதே நான் சாவு வந்துவிட்டது என்று கலிமா சொல்லிவிட்டேன், நீ பதினைந்து வருஷம் அதைத் தாங்கிக்கொண்டு பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறியிருக்கிறாய்.

டாக்டர் தேவசேனாவிடம் திரும்பவும் போய், அப்படியானால் மனசு விஷயம் இல்லையா என்று கேட்டேன். பயந்ததால நெஞ்சு படபடக்கல பாய், நெஞ்சு படபடத்ததால பயம் வந்திருக்கலாம், வருஷக்கணக்கா அப்படியே இருந்தா ரெண்டும் கலந்துரும் என்றது. ஆனால் உன்னைப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம், இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்று நம்பிக்கையாக எதுவும் இல்லை, டாக்டர்களுக்குள்ளேயே இதைப் பற்றி இன்னும் பேச்சு முடியவில்லை என்றும் சொன்னது. அதனால் நீ செய்ய வேண்டியது, அங்கே உன் டாக்டரிடம் போய் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், வேறு நோய் எதுவும் இல்லை என்று பார்க்கச் சொல்ல வேண்டும், இப்போது சாப்பிடும் மாத்திரையை நீயாக நிறுத்தக் கூடாது. ஒரு நோட்டுப் போட்டு என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு, அது ஆக்கி எத்தனை நேரம் ஆனது, பிறகு உடம்பு எப்படி இருந்தது என்று எழுது. மூன்று நாலு வாரம் புதிதாக ஆக்கியதை மட்டும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம், எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாதாம். நீ ஞாயிற்றுக்கிழமை ஆக்கி ஆறு நாளும் அதையே சூடு பண்ணிச் சாப்பிடுகிறாய் என்று அம்மா சொன்னதும் டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டது. பிரிட்ஜ் ஹிஸ்டமின் ஏறுவதை நிறுத்தாது, மெதுவாக்கும், அவ்வளவுதானாம். ஆக்கியவுடன் ஆற வைத்துச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு அன்றைக்கே உறைய வைத்துவிட்டால் பரவாயில்லையாம். டின்னில் வரும் சூரை மீன், பழைய சீஸ், பசலைக் கீரை, தக்காளி இதெல்லாம் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். சோறு, அன்றன்று வாங்கிய கோழி, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பேரிக்காய், இவை பெரும்பாலும் ஒன்றும் செய்யாதாம். கிளாவரைப் பஸ்ஸில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவது அதெல்லாம்தான். நம் மலையில் விளைவது உனக்கு ஆகும், கடற்கரையிலிருந்து நான் ஏற்றிக்கொண்டு வந்ததுதான் ஆகவில்லை.

உன் எடை நாற்பத்தொன்று என்று அம்மா சொன்ன அன்றுதான் எனக்கு வீம்பு உடைந்தது. வீட்டுச் சாப்பாடு இல்லாமல் பிள்ளை இளைத்துவிட்டது என்று நினைத்து, என் கையாலேயே அந்த மாசியைப் பொறுக்கினேன். உனக்குத் தெரியும், சூரையை வேக வைத்து மரக்கட்டை மாதிரிக் காய வைப்பதுதானே மாசி, பழசாகப் பழசாகத்தான் அதற்கு மதிப்பு. சிலோனிலிருந்து வந்து குடியேறியவர்கள் கேட்டால் கூட எடுத்துக் கொடுக்காமல் அடியில் வைத்திருந்த நாள்பட்ட கட்டை அது. பனிக்கு ஈரம் ஏறாமல் இருக்க நாலு நாள் அடுப்பு மேட்டில் கட்டித் தொங்கவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வராதவன் மாசி கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தேன், போதாததற்கு நெத்திலியும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். டாக்டரிடம் அதை அனுப்பிவிட்டேன் என்று சொன்னதும் சிரிப்பெல்லாம் போய்விட்டது, இருக்கிற மீனிலேயே அந்த வகைதான் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம், அதுவும் உடம்பு இளைத்திருக்கும்போது, அதுவும் வெறும் வயிற்றில் பகல் முழுக்க இருக்கப் போகிற நாளிலா என்றது. அன்றைக்குத்தான் அம்மாவைப் போன் போடச் சொன்னேன், அவளும் பதறிப்போய்ச் சாப்பிடாதே என்பதை மட்டும் சொல்லிவிட்டாள், ஏன் என்பதைச் சொல்வதற்குள் நீ வைத்துவிட்டாய். நோன்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உடம்புக்கு முடியாதவர்களுக்கு மார்க்கம் விலக்குக் கொடுத்திருக்கிறது, உன் டாக்டர் வேண்டாம் என்றால் பிடிவாதம் பிடிக்காதே, அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

கடை நடக்கிறது. வண்டி தாமதமாகி ஐஸ் கரைந்திருந்தால் பெட்டியை இறக்குவதில்லை, அப்படியே திருப்பி அனுப்புகிறேன், டிரைவர் என்னைப் பைத்தியம் என்கிறான். சின்னத்தாயி வீட்டுக்கு நேரில் போய் வந்தேன், காபி கொடுத்தார்கள், பாய் வீட்டுல எல்லாருக்கும் சொகமா என்று கேட்டாள், உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்துவிட்டுக் காபியைக் குடித்து முடித்தேன். பிரிட்ஜ் வந்துவிட்டது, அம்மா அதற்குள் காய்கறியை அடுக்கி அடுக்கிப் பார்க்கிறாள். குழம்பு இப்போது அன்றன்றைக்கு ஆக்கி அன்றன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. நேற்று மட்டும் பழக்க தோஷத்தில் நடுத்துண்டைச் சின்னச் சட்டிக்கு எடுத்துவிட்டேன், சர்புன்னிசா பார்த்துக்கொண்டே நின்றாள், நானே திருப்பிப் போட்டுவிட்டேன்.

மகளே, நீ என்னோடு பேச வேண்டாம். என்னை மன்னிக்கவும் அவசரம் இல்லை, அது உன் இஷ்டம், உன் காலம். ஊருக்கு வா என்று கூட இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று செய். அந்தப் பொட்டலத்தை எடுத்து, கட்டின கயிற்றோடு அப்படியே உன் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டு, ஒரு போட்டோ எடுத்து அம்மா போனுக்கு அனுப்பு. ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். முப்பத்தோரு வருஷக் கருவாட்டுக்காரன் தன் கையால் பொறுக்கின மாசி குப்பையில் கிடப்பதைப் பார்க்க வேண்டும் என்று ராவும் பகலும் துவா கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது வந்துவிட்டால் எனக்கு அதற்கு மேல் பெருநாள் வேண்டாம். ஆண்டவன் உன் உடம்பில் சுகத்தையும் மனசில் அமைதியையும் இறக்கி வைப்பானாக, நீ சாப்பிடும் ஒவ்வொரு வாய்ச் சோறும் உனக்கு நோய் தீர்க்கும் ஷிஃபாவாக ஆகட்டும், ஆமீன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல் என்கிறாள், நோட்டுப் போடுவதை மறக்காதே என்கிறாள்.

டாக்டர் தன் கையால் ஹிஸ்டமின் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்த சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன், உன் டாக்டரிடம் காட்டு. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனாலும் கடிதத்தில் கருவாட்டு வாசம் அடிக்கத்தான் செய்யும், அது என் கையை விட்டுப் போகாது. பயப்படாதே, முகர்ந்தால் உனக்கு ஒன்றும் ஆகாதாம், டாக்டரிடம் கேட்டுவிட்டேன்.

உன் அத்தா,
சம்சுல் ஆலம்